தூசியும் ஒளியும்



எங்கள் காஞ்சியில் பட்டுச் சேலை வாங்க வருவோர், அதனை வெளிச்சத்தில் பிடித்து இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்ப்பர். பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாயின், திருப்புந்தோறும் சேலையின் நிறம் மாறித் தோன்றும். ஒளியின் தளவிளைவை அளப்பதும் ஏறத்தாழ இத்தகைய செயலே. ஒளியலையின் அதிர்வு ஒரு திசையில் மிகுந்திருப்பதையே தளவிளைவு என்கிறோம். கருவியைப் பல கோணங்களில் திருப்பி அளந்தால் அது புலப்படும்.

இவ்வளவைக்கென 1852இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் வகுத்த நான்கு அளவுகள், நெடுங்காலம் பெரிதும் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1946இல் அவற்றை மீட்டெடுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். எலெக்ட்ரான்களால் சிதறும் விண்மீன் ஒளி, அம்மீனின் விளிம்பில் நூற்றுக்கு 11.7 பங்கு வரை தளவிளைவு பெறும் என்று அவர் கணக்கிட்டார். ஹில்ட்னர், ஹால் என்னும் வானியலார் அதனைத் தேடினர். 1949இல் அவர்களுக்குக் கிட்டியதோ வேறொன்று: விண்மீன்களிடையே பரந்துள்ள தூசியும் ஒளியைத் தளவிளைவுறச் செய்கிறது! இத்தூசியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1965இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் வானெங்கும் நிறைந்த நுண்ணலைக் கதிர்வீச்சை அறிவித்தனர். அண்டம் தோன்றி ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட பழம்பேரொளி அது. அதன் வெப்பநிலை இன்று 2.7 கெல்வின். அவ்வொளியும் எலெக்ட்ரான்களால் சிதறியதன்றோ? ஆகவே அதிலும் தளவிளைவு இருத்தல் வேண்டும் என 1968இல் மார்ட்டின் ரீஸ் உரைத்தார். அதன் அளவோ ஒரு கெல்வினில் பத்து இலட்சத்தில் சில பங்கே. தென் துருவத்தில் நிறுவிய டாசி என்னும் கருவி 2002இல் அதனைக் கண்டது. சந்திரசேகர் மீட்டெடுத்த அளவுகளே இங்கும் பயன்பட்டன.

2014 மார்ச்சில், அதே துருவத்தில் இயங்கிய பைசெப்-2 குழுவினர், அண்டம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைச் சுவடு தளவிளைவில் தெரிகிறது என்றனர். அப்போது தலைமையாசிரியனாயிருந்த நான், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதனை முடிந்த முடிபாகவே அறிவித்தேன். மாணவர் கைதட்டினர்.

ஆனால், பிளாங்க் விண்கலத்தின் அளவைகளோடு சேர்த்து ஆராய்ந்தபோது, அச்சுவடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது 2015இல் தெளிவாயிற்று. கண்டதில் பெரும்பங்கு நம் பால்வீதித் தூசியின் விளைவு! 1949இல் வெளிப்பட்ட அதே தூசிதான். அம்முடிவை வெளியிட்டோருள் பைசெப் குழுவினரும் இருந்தனர்.

நானும் அதே மேடையில் நின்று, "சென்ற ஆண்டு நான் உறுதியெனச் சொன்னது தவறு" என்றேன். அன்று கைதட்டல் இல்லை. எனினும், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில் நான் நடத்திய நல்ல பாடம் அதுவே எனக் கருதுகிறேன். சேலையை ஒருமுறை பார்த்து விலை பேசுவோர் எம்மூரில் இலர். அறிவியலிலும் மறுமுறை திருப்பிப் பார்த்தலே முறை.