இயோசின் நாடியும் குழந்தை மருத்துவமும்

யேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக், 1879ஆம் ஆண்டில் குருதிக்குச் சாயமூட்டி ஆராய்ந்தபோது, இயோசின் என்னும் செஞ்சாயத்தைப் பற்றும் வெண்குழியம் ஒன்றை வேறுபிரித்தறிந்தார். அதுவே இயோசின் நாடி. அது குழந்தைகளின் உணவுக்குழாயில் திரண்டு, உண்ணவொட்டாது வருத்துதலை மருத்துவ உலகம் தெளிய மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது.

தாமதத்திற்குக் காரணம் வேறொரு நோயின் சாயலே. வாந்தியும் விழுங்கும்போது இடரும் இரைப்பை அமிலம் மேலெழுவதாலும் உண்டாவன. ஆதலின் அமிலந் தணிக்கும் மருந்தே கொடுக்கப்பட்டது. சில குழந்தைகள் சத்திரசிகிச்சைக்கும் உட்பட்டனர். நோயோ தணியவில்லை. 1995இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் இத்தகைய 10 குழந்தைகளின் வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமிலங்களாலான பானத்தை ஊட்டினர். எண்மர் முற்றாகக் குணமடைந்தனர். ஏனைய இருவரும் தேறினர். பால் முதலிய உணவுகளை மீண்டும் கொடுத்தபோது நோய்க்குறிகளும் மீண்டன. குற்றம் உணவின் புரதத்திலுள்ளது என்பது இங்ஙனம் புலனாயிற்று.

அதன்பின் சிகிச்சை ஒருவர் கையில் அடங்கவில்லை. அகநோக்குக் கருவியால் இழையத்துண்டு எடுப்பவர் ஒருவர். அதில் இயோசின் நாடிகளை எண்ணுபவர் மற்றொருவர். நுணுக்குக்காட்டியின் ஒரு பார்வைப்புலத்தில் 15 என்னும் எல்லை 2007இல் வகுக்கப்பட்டது. ஒவ்வாமை நிபுணரும், விலக்கிய உணவுக்கு ஈடுதேடும் உணவியலாரும் உடன்வேண்டும். சின்சினாற்றிக் குழந்தைகள் மருத்துவமனை 2005இல் இதற்கெனத் தனி நிலையம் நிறுவியது. எந்த உணவு பகையென அறிய, ஒவ்வொன்றாய் மீட்டுக் கொடுத்து, குழந்தையை மயக்கி மீண்டும் மீண்டும் சோதித்தல் வேண்டும். உறுதியான முறைதான், ஆயின் பாலும் கோதுமையும் முட்டையும் மறுக்கப்பட்ட சிறுவனுக்கு அது எளிதன்று. 2024இல் ஒரு வயது முதலான குழந்தைகளுக்கும் டுப்பிலுமாப் என்னும் ஊசிமருந்தை அமெரிக்கா அனுமதித்தது. 15 கிலோ நிறையேனும் இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. உண்ணவியலாது மெலிந்த குழந்தைக்கு அந்நிறையை எய்துதலே முதற்றடை.