அஞ்சல்வழிக் கல்வி முதல் இணையவழிப் பட்டம் வரை

இந்தியாவில் வகுப்பறைக்கு வராமலே பல்கலைக்கழகப் பட்டம் பெறும் முறை 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதனைக் கொண்டு வந்தன. இன்று ‘ஆன்லைன் டிகிரி’ என்று விளம்பரங்களில் காணப்படுவது இதே கிளையின் புதிய தளிர்தான்.

மணலி புதுநகர், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற பகுதிகளில் இக்கல்விக்குத் தனித் தேவை இருந்தது. மணலியில் 1965இல் அமைந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1966இல் அமைந்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், அவற்றைச் சுற்றி வளர்ந்த ரசாயன ஆலைகள், துறைமுகம் ஆகியவற்றில் மூன்று ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடித்தவரால் காலையில் கல்லூரிக்குப் போக முடியாது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் பொன்னேரி நெடுஞ்சாலையைக் கடந்து நகருக்குள் போய் வருவதே பாதி நாள் வேலை. இத்தகையவர்களுக்குத் தபாலில் வந்த பாடப் புத்தகமும், விடுமுறை நாட்களின் நேர்முக வகுப்பும் போதுமானதாக இருந்தன. பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும் என்ற நிலையில் பலர் இவ்வழியில் படித்தனர்.

1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் உயர்கல்வி நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. பாடங்கள் தரமானவை, ஆனால் தமிழ்வழியில் படித்த மாணவருக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. மறு ஆண்டு, 1985இல், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது.

இந்த வரலாற்றில் மாணவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய ஆண்டு 2009. அதுவரை பல பல்கலைக்கழகங்கள் ‘திறந்தநிலை’ என்ற பெயரில், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களையும் வயதை மட்டும் பார்த்துப் பட்டப்படிப்பில் சேர்த்தன. இளநிலைப் பட்டம் இல்லாமல் நேரடியாக எம்.ஏ. பெற்றவர்களும் இருந்தனர். அத்தகைய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை 107, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டத்தை மட்டுமே அரசு வேலைக்கு ஏற்றது. கட்டணம் கட்டி, தேர்வெழுதி, பட்டமும் வாங்கியவர்களுக்கு அந்தக் காகிதம் அரசு வேலைக்கு உதவாமல் போயிற்று. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது என்பதும், வேலை தருபவர் ஏற்றுக்கொள்வார் என்பதும் வேறு வேறு. இதைச் சேரும்போதே யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் வேதனை.

இரண்டாவது அடி 2017 நவம்பரில் விழுந்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் மட்டும் மீண்டும் ஒரு தேர்வெழுதிப் பட்டத்தைக் காத்துக்கொள்ள வாய்ப்புப் பெற்றனர். டிப்ளமோ முடித்து ஆலைகளில் வேலை செய்துகொண்டே பி.இ. ஆக விரும்புபவர்கள் மறக்கக்கூடாத தீர்ப்பு இது. பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் ஆகிய பட்டங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ தர இன்றும் அனுமதி இல்லை.

இணையத்தின் கதை வேறு வாசலில் தொடங்கியது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. முதலில் அது வெறும் காணொளித் தொகுப்பு. சான்றிதழ் 2014இல் வந்தது. பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வுக்கு மட்டும் உண்டு. வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிகிறது. 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளமும், இணைய வசதி இல்லாதவர்களுக்காக ‘ஸ்வயம் பிரபா’ தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கின. இப்போது ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயத்தில் படித்து மதிப்பெண்ணைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பாடத்தைத் தம் கல்லூரி ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

கொரோனா ஆண்டான 2020இல் இரு மாற்றங்கள் நடந்தன. சென்னை ஐ.ஐ.டி. ஜூன் மாதம், ஜே.இ.இ. தேர்வு இல்லாமல் சேரக்கூடிய தரவு அறிவியல் பட்டத்தை இணையவழியில் அறிவித்தது. இதில் சேர்க்கை எளிது, தேர்ச்சி எளிதன்று. பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். இடையில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. செப்டம்பரில் வந்த மானியக் குழு விதிகள், தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தன. இவ்விதிகளின்படி அனுமதி பெற்ற படிப்பின் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. பட்டப்படிப்பை வேறொரு நிறுவனத்துக்குக் குத்தகைபோல் ஒப்படைத்து நடத்தவும் தடை உண்டு. ஆகவே தெருமுனையில் பெயர்ப்பலகை மாட்டிய ‘மையம்’ ஒன்றில் பணம் கட்டுவதற்கு முன், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தைப் பார்க்க வேண்டும். அனுமதி பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் இருந்தால் போதாது; குறிப்பிட்ட படிப்புக்கும், சேரும் ஆண்டுக்கும், பருவத்துக்கும் இருக்க வேண்டும். 2024 முதல் மாணவரே அத்தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொண்டுதான் சேர முடிகிறது.

கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டே இன்னொரு பட்டத்தை இணையவழியில் படிக்க 2022 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. சேருபவர்கள் இரு தேர்வு அட்டவணைகளும் மோதுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மணலி புதுநகருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொசஸ்தலை ஆற்று வெள்ளம் 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பரிலும் இப்பகுதியைச் சூழ்ந்தன. பருவத் தேர்வுகள் பல வருவதும் இதே மாதங்களில்தான். பயிற்சிகளைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாமல், மின்சாரமும் சிக்னலும் இருக்கும்போதே அனுப்பிவிடுவது இங்குள்ள மாணவர்களுக்கு நல்லது.