பட்டு எடுக்கப் போன பெரிய வண்டிகள்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரம் தாண்டியதும் வருகிற ஊர் தாமல். வராகீஸ்வரர் கோயிலும், மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றும் இங்கே இருக்கின்றன. வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் இந்த ஊரைக் கடந்துதான் வர வேண்டும்.

முகூர்த்தப் புடவை எடுக்க யாரும் தனியாகப் போவதில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அத்தை, சித்தி, பாட்டி, மடியில் ஒரு குழந்தை என்று பத்துப் பேராவது கிளம்புவார்கள். கடைக்குப் போகும் முன் காமாட்சி, வரதராஜர் தரிசனமும் உண்டு. ஐந்து பேருக்காகச் செய்த அம்பாசடரில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் போன காலம் நீண்டது. இந்தப் பக்கத்துப் பெரிய வண்டிகளின் கதை அந்த நெருக்கடியிலிருந்துதான் தொடங்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை வாசலுக்கு வந்தது முதல் கையாக அல்ல, இரண்டாம், மூன்றாம் கையாக.

முதலில் வந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டி விற்கத் தொடங்கியது. பெட்ரோல் குடிக்கும் அந்த வண்டி, பின்னாளில் பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின் ஏறியதும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வண்டியானது. 2112 சி.சி. கொண்ட அந்த இன்ஜினுக்கு வேகம் கிடையாது, சத்தம் உண்டு. ஆனால் கழற்றி மாட்டத் தெரிந்த கை எல்லா ஊரிலும் இருந்தது. ஸ்பிரிங் பட்டை உடையும். பட்டறையில் வேறு பட்டை போட்டுக் கட்டுவார்கள். கிரீஸ் அடிக்காமல் விட்டால் கிங்பின் தேய்ந்து ஸ்டீயரிங் ஆடும். எதுவும் நாள் கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கிற பழுது அல்ல.

இதில் இந்தச் சாலைக்குத் தனிப் பங்கு உண்டு. பிஸ்டனும் ரிங்கும் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் செய்தது. ஸ்டார்ட்டர், டைனமோ சென்னையின் பாடிப் பகுதியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்தது. பிரேக் சாமான்களும் பாடியிலிருந்தே வந்தன. டீசல் பம்ப்பும் நாசிலும் பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோவினுடையவை. புதிய சாமான் வாங்க வசதியில்லாதவருக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருந்தது. உடைத்த வண்டிகளின் ஹெட், கியர்பாக்ஸ், ஆக்சில் அங்கே அடுக்கடுக்காகக் கிடைக்கும். ஒரு பழைய வண்டியைப் பத்து வருடம் ஓட்ட வேண்டிய எல்லாமே இந்த ஒரே சாலையின் இரண்டு முனைகளிலும் இருந்தன. எந்த வண்டி ஓட வேண்டும், எது இரும்புக்குப் போக வேண்டும் என்பதை நிர்ணயித்தது விற்பனையகம் அல்ல. பட்டறையும் சாமான் கடையும்தான்.

1994-ல் டாடா சுமோ வந்தது. டாடாமொபைல் பிக்கப்பின் அடிச்சட்டத்தின் மேல் எழுப்பிய வண்டி; பின்னால் எதிரெதிர் பெஞ்சு போட்டுப் பத்துப் பேர் உட்காரலாம். அதைச் செய்த டாடா நிறுவனமான டெல்கோவின் தலைவராக இருந்த சுமந்த் மூல்கவோக்கரின் பெயரைச் சுருக்கி வைத்த வண்டி அது. பட்டு எடுக்கப் போகிற குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. டிராவல்ஸ்காரர்கள் வாங்கி ஓட்டித் தள்ளினார்கள். சில வருடம் கழித்து அதே வண்டிகள் குறைந்த விலைக்குக் கைமாறின. செலவு தொடங்கியது அப்போதுதான். பால் ஜாயின்ட், புஷ், கிளட்ச் பிளேட், சூடாகி ஊதிப்போகும் ஹெட் கேஸ்கெட். வாங்கிய விலை மலிவுதான், ஆனால் முதல் ஒரு வருடத்தில் பட்டறைக்குக் கட்டிய தொகையையும் சேர்த்துக் கூட்டியவர்கள் குறைவு.

பிறகு குவாலிஸ். பெங்களூருக்கு அப்பால் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை அமைத்து, 2000 ஜனவரியில் விற்பனைக்கு விட்டது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய வண்டி, பார்க்கப் பழைய பெட்டி போலவே இருந்தது. 2446 சி.சி. டீசல் இன்ஜின், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லை. வண்டியின் புகழ் இந்த இல்லாமையில்தான் இருந்தது. டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டிலும் அசட்டையாக இருந்தவருக்கு மட்டும் பெரிய தண்டம் விழுந்தது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். சூடு ஏறினால் ஹெட்டில் விரிசல் விழும்.

நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-ல் குவாலிஸை நிறுத்திவிட்டு டொயோட்டா இன்னோவாவைக் கொண்டுவந்தது. தங்க நாற்கரத் திட்டத்தில் தாமலை ஒட்டிய சாலையும் அகலமாகி, வேகம் கூடிய காலம் அது. புதிய சாலைக்கு ஏற்ற வண்டிதான் இன்னோவா. ஆனால் அதன் டீசல் இன்ஜின் காமன் ரெயில் முறையில் இயங்குவது. டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் கலந்த டீசல் ஒத்துக்கொள்ளாது. நான்கையும் புதிதாகப் போட்டால் பல பத்தாயிரம் ரூபாய் போய்விடும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டே நோயைச் சொன்ன மெக்கானிக்கின் அதிகாரம் குறையத் தொடங்கியது இங்கேதான். இது இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

அமெரிக்காவிலும் இதே திருப்பம் நடந்தது. 1935 முதல் வரும் செவர்லே சபர்பன், பெரிய குடும்பம் மொத்தமாக ஏறிப்போகும் வண்டி. பெட்ரோலை மிச்சப்படுத்த, ஓட்டத்தில் பாதி சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைக்கும் நுட்பத்தை 2007 வாக்கில் அதன் வி8 இன்ஜினில் சேர்த்தார்கள். இரண்டாம் கையாக வாங்கியவர்கள் பலரும் அந்த ஏற்பாட்டின் லிஃப்டர்கள் பழுதாகி, இன்ஜினைப் பிரிக்கும் செலவுக்கு ஆளானார்கள்.

இருந்தாலும் பழைய வண்டியைச் சோதிக்கும் முறை இந்தப் பக்கம் பெரிதாக மாறவில்லை. விவரம் தெரிந்தவர் விடியற்காலையிலேயே போய்விடுவார். ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி பல குறைகளை மறைக்கும். பானட்டில் கை வைத்து, ஜில்லென்று இருந்தால்தான் சாவி போடச் சொல்வார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, துளையின் மேல் உள்ளங்கையைப் பிடிப்பார். காற்றும் புகையும் பிஸ்டன் ஓட்டத்துக்கேற்பக் குபுகுபுவென்று கையைத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கடைசியாகக் கீழே குனிந்து, சேசிஸில் வெல்டிங் தடம் தேடுவார்.

அதற்குப் பிறகுதான் ஆர்.சி. புக். சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் தகுதிச் சான்று (எப்.சி.) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. கடைசிக் குவாலிஸ்கள் அதற்கு முன்பே அந்த வயதைக் கடந்துவிட்டன. டீசல் விலையை அரசு நிர்ணயிப்பது 2014 அக்டோபரில் முடிவுக்கு வந்ததால், பெரிய வண்டிக்குப் பெரிய ஆதாயமாக இருந்த பெட்ரோல் – டீசல் விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது.

இப்போது 2020-க்குப் பிந்தைய, பி.எஸ். 6 புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகள் இரண்டாம் கைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. இவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்துபோக, வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தாமலுக்கும் காஞ்சிபுரம் கடைத்தெருவுக்குமாக மட்டும் போய்வரும் வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அப்படி விளக்கு எரிந்தால், நெடுஞ்சாலையில் ஏறி ஆற்காடு வரை ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்புவதே பல நேரம் போதுமான வைத்தியம்.