பெற்றோலும் தூரமும்



ஐக்கிய அமெரிக்காவின் புறநகர்களிலே ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்கும் மோட்டார் வண்டியை எடுக்கவேண்டியிருப்பதைக் காணலாம். இதனைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. இப்பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் வெளியிட்ட 'மொடல் ரி' வண்டி, மோட்டாரைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச்செய்தது. 1956ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. சாலைகள் நீண்டன; வீடுகள் நகரத்தை விட்டு விலகின; தொழிலகமும் கடையும் தொலைவாயின. பெற்றோல் மலிவாயிருந்தமையால் வண்டிகளும் பருத்தன.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. பெற்றோல் நிலையங்களில் வண்டிகள் வரிசையாய்க் காத்துநின்றன. அப்பொழுதுதான் அந்நாடு விழித்தது. 1974இல் வேக எல்லை மணிக்கு 55 மைலாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டுச் சட்டமோ உற்பத்தியாளரையே பொறுப்பாளியாக்கியது. புதிய கார்கள் கலனொன்றுக்குச் சராசரியாக 1978இல் 18 மைலும், 1985இல் 27.5 மைலும் ஓடவேண்டுமென விதித்தது. கார்களின் எடை குறைந்தது.

ஆனால், விலை இறங்கவே விழிப்பும் தளர்ந்தது. சிறு லொறி வகைகளுக்கு விதி இலகுவாயிருந்தது. மக்கள் அவற்றை நாடினர். 1995இல் அவ்வேக எல்லையும் நீக்கப்பட்டது.

வண்டியின் எடை, ஓடும் வேகம், செல்லும் தூரம் ஆகிய மூன்றுமே பெற்றோற் செலவைப் பெருக்குவன. அமெரிக்கச் சட்டங்கள் முதலிரண்டைத் திருத்த முயன்றன. வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட தூரமோ அப்படியே கிடந்தது. அத்தூரம் குறுகாதவரை சிக்கனம் நிலைபெறாது.