புத்தகம் கட்டிய சிறுவனும் ஒரு வேதியியல் நூலும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு நூலகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். நூலகத்தின் கணக்கும் வளர்ச்சியும் செயலாளர் அறிக்கையில் இடம்பெறும். அவற்றை யான் மீண்டும் கூறுதல் மிகை. ஆகவே, இளையோர்க்கென எழுதப்பட்ட ஓர் அறிவியல் நூல் எவ்வாறு பிறந்தது, எவருடைய கைக்குச் சென்றது, அதனால் என்ன விளைந்தது என்னும் பழைய வரலாறொன்றை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன். அது நிகழ்ந்த நாடு இங்கிலாந்து. காலமோ இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனின் தென்பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், இரும்படிக்கும் கொல்லர். பிழைப்புத் தேடி வடபுலத்திலிருந்து தலைநகரை வந்தடைந்தவர். நோயினால் நலிந்து, உலைக்களத்தில் நிற்க இயலாத நாள்கள் அவருக்கு மிகுதி. 1801இல் தானிய விலை ஏறிக் குடும்பம் தத்தளித்தபோது, வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அச்சிறுவனுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. அதனை அவன் ஏழு நாளைக்குப் பகுத்து உண்ணவேண்டும். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவிலிருந்த ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். செய்தித்தாளை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள் வாடகைக்குப் பெற்றுப் படிக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஒரு வீட்டில் தாளைக் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் திரும்பப் பெற்று அடுத்த வீட்டில் சேர்ப்பதே அவன் வேலை. ஓராண்டு சென்றபின், 1805இல், முன்பணம் ஏதும் கேளாமலே ரீபோ அவனை ஏழாண்டுக் காலத்துக்குத் தொழில் பழகுபவனாக ஏற்றுக்கொண்டார். பழகிய தொழில் புத்தகம் கட்டுதல். நாம் பைண்டிங் என்று சொல்லும் தொழில்.

தாளை மடித்துத் தைத்து, தோலட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்துப் பொறித்து அனுப்பிவிடுவதோடு அப்பட்டறையின் கடமை தீர்ந்தது. பிறர் படிக்கும் நூலைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாம் படிக்காமலே மாண்டுபோன கைகள் உலகில் எத்தனை ஆயிரம்! ஆயின், ரீபோ நல்ல உள்ளம் படைத்தவர். வேலை முடிந்தபின் கடையிலுள்ள நூல்களைப் படிக்க அவர் தடைசொல்லவில்லை. இவ்வாறு அச்சிறுவன் கையில் அகப்பட்ட நூல்களுள் இரண்டு அவன் வாழ்வைத் திருப்பிவிட்டன. ஒன்று, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை. மற்றொன்று, ‘வேதியியல் உரையாடல்கள்’ என்னும் பொருள்படும் பெயருடைய, ஆசிரியர் பெயரே அச்சிடப்படாத ஒரு நூல்.

அதன் ஆசிரியர் ஒரு பெண்மணி. பெயர் ஜேன் மார்செட். 1769இல் இலண்டனில், ஜெனீவாவிலிருந்து வந்து குடியேறிய வணிகர் ஒருவருக்கு மகளாகப் பிறந்து, ஒரு மருத்துவரை மணந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. எனினும் ஆங்கில நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையம் மட்டும் தன் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பெண்களை அனுமதித்தது. அங்கே ஹம்ஃப்ரி டேவி என்னும் பேரறிஞர் வேதியியல் சோதனைகளைச் செய்துகாட்டிப் பேசுவார். மார்செட் அம்மையாரும் சென்று கேட்டார், ஆனால் விளங்கவில்லை. சோதனைகள் கண்முன் மின்னலாய் ஓடின. அடிப்படை தெரியாதவர்க்கு அவை வெறும் வேடிக்கையாய் முடிந்தன. பின்னர் நண்பர் ஒருவருடன் உரையாடியும் சோதனைகளைத் திரும்பச் செய்தும் பார்த்தபோதுதான் எல்லாம் தெளிவாயிற்று. அவ்வாறு தாம் தெளிந்த வழியிலேயே பிறரையும் அழைத்துச் செல்லலாமே என்று எண்ணி, இரண்டு தொகுதிகளாக 1805இன் இறுதியில் அந்நூலை வெளியிட்டார்.

நூலின் அமைப்பு எளிது. ஓர் ஆசிரியை, எமிலி, கரோலின் என இரு மாணவியர். எமிலி அமைதியானவள். கரோலின் அவ்வாறன்று, வேதியியலில் அப்படியென்ன சுவை இருக்கப்போகின்றது என்று தொடக்கத்திலேயே சலித்துக்கொள்பவள், சட்டென்று குறுக்கே கேள்வி கேட்பவள். ஆசிரியை எதையும் ‘நான் சொல்கிறேன், ஏற்றுக்கொள்’ என்று விடுவதில்லை. சோதனையைச் செய்துகாட்டிய பின்னரே பெயரைச் சொல்லுகின்றாள். இந்நூல் இங்கிலாந்தில் மட்டும் பதினாறு பதிப்புகளைக் கண்டது. ஆசிரியரின் பெயர் 1837இல் வெளிவந்த பதின்மூன்றாம் பதிப்பிலேதான் முதன்முதலாக இடம்பெற்றது. அமெரிக்காவிலோ, அவருடைய இசைவின்றியே அச்சிட்டு, திருத்தியமைத்த ஆடவர்களின் பெயரை முகப்பில் பொறித்து விற்றனர். உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்னும் வழக்கு நமக்குப் புதிதன்று.

பெண்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அந்நூல், அவர் எண்ணியே பார்த்திராத ஒரு கொல்லன் மகனின் கையை வந்தடைந்தது. அவன் அதனை எவ்வாறு படித்தான் என்பதுதான் நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய இடம். படித்தவற்றை அவன் நம்பிவிடவில்லை. வாரத்துக்குச் சில பென்னிகளே செலவாகும் சிறு சோதனைகளைத் தானே செய்து, நூல் கூறுவது மெய்தானா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தான். முதலில் ஒரு கண்ணாடிப் புட்டியையும் பின்னர்க் கண்ணாடி உருளையையும் கொண்டு ஒரு மின்பொறியைக்கூடச் செய்துகொண்டான். தன்னால் சோதிக்க முடிந்த அளவில் நூல் பொய்க்கவில்லை என்று கண்டபின்னரே அதனைப் பற்றிக்கொண்டான். தம் இளமையில் அந்நூல் தமக்கு நங்கூரம் போல் அமைந்ததென, முதுமையில் ஒரு நண்பருக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டிருக்கின்றார். கல்லூரி காணாதவனுக்கு ஒரு நூல் தரக்கூடிய பெருங்கொடை எது என்று என்னைக் கேட்டால், செய்திகளைக் காட்டிலும் இதனையே கூறுவேன்: என்னைச் சோதித்துப் பார் என்று அது அவனிடம் சொல்லவேண்டும்.

1812இல் கடையின் வாடிக்கையாளர் ஒருவர், டேவியின் கடைசிச் சொற்பொழிவுகள் நான்குக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். கேட்டவற்றையெல்லாம் ஃபாரடே படங்களுடன் தெளிவாக எழுதி, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தம் கையாலேயே கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் அங்கே கைகொடுத்தது. இடம் காலியில்லை, புத்தகம் கட்டும் தொழிலையே பார்த்துக்கொள் என்றுதான் டேவி முதலில் அறிவுரை கூறினார். பின்னர் நிலையத்தின் உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதற்காக நீக்கப்படவே, 1813 மார்ச்சு முதல் நாள் அவ்விடம் இவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது, உடன்செல்லவிருந்த பணியாள் மறுத்துவிட்டதால், அப்பணியும் தற்காலிகமாக ஃபாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் துணைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார்; அந்த மனப்புண்ணை அவர் நண்பர்க்கு எழுதிய மடல்கள் இன்றும் காட்டுகின்றன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிடுதல் வேண்டும். ஃபாரடேயின் வறுமையை நம் முன்னோரின் நிலையோடு சேர்த்து எண்ணி ஆறுதல் கொள்ளுதல் கூடாது. அவர் தொட்ட நூலை எவரும் நீர் தெளித்து எடுத்துச் செல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கணக்கைச் செய்துகாட்டக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டார். உடனே மற்ற மாணவர்கள் ஓடிச்சென்று, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினர் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. யான் படித்த உயர்நிலைப் பள்ளியிலும் சோதனைக் கூடம் ஒன்று இருந்தது. குடுவைகளும் குழாய்களும் கண்ணாடி அலமாரியில் மின்னும். ஆசிரியர் செய்துகாட்டுவார், முன்வரிசைப் பிள்ளைகள் கைகொடுப்பார்கள், சேரியிலிருந்து சென்ற நாங்கள் மூவரும் கடைசி வரிசையிலிருந்து நீலம் சிவப்பாக மாறியதாகக் கேள்விப்படுவோம். படிப்பை நிறுத்தியவர்கள் இல்லை என்று அப்பள்ளி பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அலமாரியின் கதவு மட்டும் எங்களுக்காகத் திறந்ததே இல்லை.

1831இல் காந்தத்திலிருந்து மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் உண்மையைக் கண்டு ஃபாரடே உலகப் புகழ் எய்தினார். அதனை எல்லாப் பாடநூலும் சொல்லும். பாடநூல் சொல்லாதது, சிறுவர்களுக்காக அவர் செலவிட்ட காலம். 1825இல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிடியூஷனின் கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை அவரே நிகழ்த்தினார். 1855 டிசம்பரில் அவர் பேசிய பொருள் உலோகங்கள். அன்று விக்டோரியா அரசியாரின் கணவரும் இளவரசர்களும் வந்து கேட்டனர். இரும்படித்தவரின் மகன் இரும்பின் இயல்பை விளக்க, அரச குமாரர்கள் அமர்ந்து கேட்ட அக்காட்சியை ஓவியர் ஒருவர் தீட்டியும் வைத்துள்ளார்.

1860ஆம் ஆண்டு இறுதியில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தி. ஆறு சொற்பொழிவுகள். அவற்றை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாக வெளியிட்டார். சிறுவர்க்கான அறிவியல் நூல்களுள் இதற்கு இணையானதை யான் படித்ததில்லை. அணைத்த திரியிலிருந்து எழும் புகைக்குச் சற்றுத் தள்ளி நெருப்பைக் காட்டினால் சுடர் தாவிச் சென்று திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவியே என்பது அதனால் விளங்கும். சுடரின் நடுவே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்தால், எரியாத ஆவி அதன் வழியே வெளிவரும். மறுமுனையில் அதனைக் கொளுத்தலாம். சுடருக்கு மேலே குளிர்ந்த கலத்தைப் பிடித்தால் நீர்த்துளி படியும். நெருப்பிலிருந்து நீர்! இறுதியில், மெழுகுவர்த்தியின் சுடரிலிருந்து வரும் காற்றும் மனிதன் விடும் மூச்சும் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒன்றுபோலவே பாலாக்குவதைக் காட்டி, நம் உடலில் நிகழ்வதும் ஒருவகை எரிதலே என்று முடிக்கின்றார். இளவரசனின் மூச்சுக்கும் தோட்டியின் மூச்சுக்கும் அந்தச் சுண்ணாம்பு நீர் வேற்றுமை பாராட்டாது. இது ஃபாரடே சொன்னதன்று, யான் சேர்த்தது.

இன்னொன்றும் என்னைக் கவர்ந்தது. முதற் சொற்பொழிவில், மாட்டுக் கொழுப்பை உருக்கித் திரியைத் தோய்த்தெடுக்கும் எளிய வர்த்தியை அவர் கூச்சமின்றிக் காட்டுகின்றார். கொழுப்பைச் சுண்ணாம்புடன் கொதிக்கவைத்துச் சோப்பாக்கி, அதனைக் கந்தக அமிலத்தால் பிரித்து, கெட்டியான வர்த்திக்கு வேண்டிய பொருளைப் பெறும் முறையை விளக்குகின்றார். கொழுப்பும் சுண்ணாம்பும்! நம் ஊர்களில் இவற்றைக் கையாண்டவர்களைத்தானே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்? தோல் பதனிடும் நம் உறவினர்கள் சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைத்து மயிர் நீக்கினார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் இட்டு அழுகாத தோலாக்கினார்கள். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகவொட்டாமல் காக்கின்றது என்று வேதியியல் கூறுகின்றது. அக்குழிகளில் நின்று காலும் கையும் வெந்தவர்களுக்கு அவர்கள் செய்தது வேதியியல் என்று சொல்லுவார் எவருமில்லை. அங்கிருந்து தொடங்கும் ஒரு சிறுவர் நூலை நம் இளைஞர்களுள் ஒருவர் எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தமிழில் முன்னோடிகள் இல்லாமலில்லை. வழக்கறிஞராயிருந்து அறிவியலை எளிய தமிழில் எழுதிய பெ. நா. அப்புஸ்வாமியும், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் நம் நன்றிக்குரியவர்கள். ஆனால் பத்துத் தொகுதியும் பூட்டிய அலமாரியில் புழுதி படிந்து நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். கிழிந்துவிடும் என்று அஞ்சுகின்றார்கள். கிழிந்தால் கட்டிக்கொள்ளலாம், அதுவும் ஒரு தொழில்தானே.

சங்கத்தின் மாலை வகுப்பில் ஒருநாள் ஃபாரடேயின் நூலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சோதனைக் கூடம் நமக்கு ஏது? ஒரு பாட்டியின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி, நீரில் கரைத்து, மறுநாள்வரை தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். பப்பாளி இலைக் காம்பினால் ஒரு பையன் ஊதினான். நீர் வெளுத்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். ஒரு சிறுமி மட்டும் நம்பவில்லை. காம்பின் பால் கலந்திருக்கும் என்றாள். அடுத்த நாள் அவள் வீட்டுச் சுண்ணாம்பையும், ஒரு காய்ந்த நாணல் துண்டையும் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னதாக வந்து நின்றாள்.