கொக்குக்கு ஒரு திருவிழா: நவம்பர் 11 அன்று பூட்டானில் என்ன நடக்கிறது?

நவம்பரில் பூட்டான் போகும் எண்ணம் இருக்கிறதா? அப்படின்னா 11ஆம் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று போப்ஜிக்கா பள்ளத்தாக்கிலுள்ள கங்தே மடாலய முற்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் போட்டு, இறக்கை விரித்து ஆடுவார்கள். முகமூடி நடனம், நாட்டுப்புறப் பாட்டு, கைவினைக் கடைகள் எல்லாம் உண்டு. அத்தனையும் ஒரே ஒரு பறவைக்காக!

எந்தக் கொக்கு?

கருங்கழுத்துக் கொக்கு. வயலில் நிற்கும் சின்ன வெள்ளைக் கொக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். இறக்கையை விரித்தால் 2 மீட்டரைத் தாண்டும். சாம்பல் நிற உடல், கறுத்த கழுத்து, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு.

திபெத்தியப் பீடபூமியில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டி வரும். பிப்ரவரி, மார்ச்சில் திரும்பிவிடும். வரும்போதும் போகும்போதும் மடாலயத்தை மூன்று முறை வலம்வரும் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை.

மரியாதைதான் ஏற்கெனவே இருக்கே, திருவிழா எதுக்கு?

மரியாதை மட்டும் வயிற்றை நிரப்பாது. போப்ஜிக்கா விவசாயிகளுக்குக் காசு தரும் பயிர் உருளைக்கிழங்கு. பள்ளத்தாக்கின் நடுவே பரந்து கிடப்பதோ சதுப்புநிலம். தண்ணீரை வடித்துவிட்டால் அதுவும் விளைநிலம்தான். ஆனால் கொக்குகள் இரவில் அந்தச் சதுப்பின் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடிதான் தூங்கும். நரியோ சிறுத்தையோ சத்தமில்லாமல் நெருங்க முடியாது. சதுப்பு போனால் கொக்கும் வராது.

ஆக, சதுப்பை விட்டுவைப்பவர்களுக்கும் ஏதாவது வருமானம் வேண்டும். அதற்காகத்தான் பூட்டானின் அரச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998இல் இந்தத் திருவிழாவைத் தொடங்கியது. வரும் பயணிகள் ஊர்வீடுகளில் தங்குவார்கள், அங்கேயே சாப்பிடுவார்கள், பொருள் வாங்குவார்கள். தேதியையும் யோசித்தே வைத்திருக்கிறார்கள்: நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் பிறந்தநாள் அது. நாடே விடுமுறையில் இருக்கும்.

என்னைக் கேட்டால், ஆட்டம் பாட்டத்தைவிடப் பெரிய விஷயம் மின்கம்பி. மேலே கம்பி இழுத்தால் பறக்கும் கொக்குகள் மோதிச் சாகும். கொக்குக்காக ஊர்மக்களை இருட்டிலேயே வைத்திருப்பதும் நியாயமில்லை. அதனால் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள். வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது, வானமும் கம்பியில்லாமல் இருக்கிறது.

பலன் கிடைத்ததா?

இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நூற்றுக்கணக்கான கொக்குகள் இங்கே வருகின்றன. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் இந்த இனத்தை ஒரு படி இறக்கி, "அச்சுறுத்தலை நெருங்கும்" பிரிவுக்கு மாற்றியது. அதற்குத் திருவிழாதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கொக்குகளில் பெரும்பாலானவை வாழ்வது சீனாவில்.

சுற்றுலாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆள் கூடக்கூட விடுதி, சாலை, குப்பை, குப்பையைத் தேடி வரும் தெருநாய்... எல்லாம் சதுப்பின் ஓரத்துக்கே வந்து நிற்கும். ஓர் அளவுக்கு மேல் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது பூட்டானின் கட்டணம். 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்த பிறகும் இந்தியர் அல்லாத பெரும்பாலான வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் தனி.

போகிறவர்களுக்கு

பாரோவில் இறங்கி, மலைப்பாதையில் பல மணிநேரம் பயணம் செய்யணும். திருவிழா முற்றத்தில் நிஜக் கொக்கைத் தேடாதீர்கள். அவை கீழே சதுப்பில் இருக்கும். விடிகாலையிலோ சூரியன் சாயும் நேரத்திலோ போனால் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்தே பாருங்கள், பைனாகுலர் அவசியம். கம்பளிச் சட்டையும்தான், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரம், நவம்பர் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது.