மாடிக் கம்பியின் கதை

தொலைக்காட்சியில் படம் மங்கிப் புள்ளிகள் பறந்த நாட்களில், வீட்டுக்காரர் மொட்டை மாடியேறித் திருப்பித் திருப்பி வைத்தாரே ஒரு ஏரியல், அதற்கொரு சரித்திரம் உண்டு.

ஜப்பானில் செண்டாய் நகரத்துப் பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியும், அவருடன் உழைத்த ஷின்டாரோ உடாவும் 1926-ல் அறிவித்த அமைப்பு அது. வரிசையாக நிற்கும் அந்தக் குறுக்குக் கம்பிகள், முன்னே நோக்கும் திசையிலிருந்து வரும் அலையையே வலுவாகப் பற்றும். ஆகவேதான் அத்தனை திருப்பல்!

சொந்த நாடு அதைச் சட்டை செய்யவில்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், பிரிட்டிஷாரின் ராடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு விழித்தார்கள். அது அவர்கள் நாட்டுக்காரரின் பெயர் என்று ஒரு கைதி சொல்லித்தான் தெரிந்ததாம்!

காப்புரிமையிலும் யாகியின் பெயர் மட்டுந்தான். சோதனைகளில் பெரும்பாடு பட்ட உடாவை நினைத்தவர்கள் எத்தனை பேர்?